சோபாவுக்கும் கணினிக்கும் நடுவே மூன்று மீட்டர்: கன்ட்ரோலர் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வடிவமைப்பாளர்களுக்கு,

வணக்கம். வரவேற்பறையில் டிவிக்குக் கீழுள்ள மர அலமாரிக்குள் கணினியை வைத்து, மூன்று மீட்டர் தள்ளி சோபாவில் அமர்ந்து விளையாடுகிறவன் நான். தங்கள் வயர்லெஸ் கன்ட்ரோலர்கள் இந்தத் தூரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதே என் முறையீடு.

சென்ற ஆண்டு கணினியின் பின்புறத்து யூ.எஸ்.பி 3.0 போர்ட்டில், கன்ட்ரோலரின் சிக்னலை வாங்கும் சிறு கருவியான டாங்கிளைச் செருகி, அதையொட்டியே வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றையும் இணைத்தேன். அன்றிலிருந்து கார்ப் பந்தயத்தில், நான் ஸ்டிக்கை விட்ட பிறகும் கார் திரும்பிக்கொண்டே போய்ச் சுவரில் மோதியது. கன்ட்ரோலர்தான் பழுது என்று நம்பிப் புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் அப்படியே மோதியது. யூ.எஸ்.பி 3.0 இணைப்பில் தரவு ஓடும்போது எழும் இரைச்சல், டாங்கிளும் ப்ளூடூத்தும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழுகிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012-லேயே விளக்கி எழுதியிருக்கிறது. ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் வாங்கி டாங்கிளை டிவிக்கு முன்னால் கொண்டுவந்து வைத்ததும் கார் சொன்ன பேச்சைக் கேட்டது. அந்தக் கேபிளைப் பெட்டிக்குள்ளேயே வைத்துத் தந்திருந்தால் இரண்டாவது கன்ட்ரோலரின் விலை எனக்கு மிஞ்சியிருக்கும்.

சார்ஜ் செய்வதிலும் இதே கதைதான். இரவில் கணினியில் செருகிவிட்டுப் படுத்தால், அணைத்த கணினி யூ.எஸ்.பி மின்சாரத்தையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது. கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்னும் அடிப்படை அமைப்பில் அதை மாற்றலாம் என்பது வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இன்னும் ஏஏ பேட்டரி போடுவதைப் பழமை என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் அந்தப் பழமையின் பக்கம்: ரீசார்ஜ் செய்யக்கூடிய இரண்டு ஜோடி இருந்தால் அரை நிமிடத்தில் மாற்றிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். பிளேஸ்டேஷன் 5-இன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸிலோ 1560 எம்.ஏ.எச். பேட்டரி உள்ளே பூட்டப்பட்டிருக்கிறது. அது தேய்ந்தால் ஸ்க்ரூ டிரைவரைத்தான் தேட வேண்டும். கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2027 பிப்ரவரி 18 முதல் பொருந்துகிறது. அதற்காகச் செய்யப்போகும் மாற்றத்தை ஐரோப்பாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாமல் எல்லா நாடுகளுக்கும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இது முடியாத காரியமும் அல்ல. ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2025 நவம்பரில் அறிவித்த ஸ்டீம் கன்ட்ரோலருடன் வரும் சிறு வில்லை, சிக்னலை வாங்கும் டாங்கிளாகவும் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சார்ஜராகவும் ஒருங்கே வேலை செய்கிறது. அதையே கொஞ்சம் நீட்டி, நீளமான கேபிளுடன், கணினி அணைந்திருந்தாலும் சுவர் பிளக்கிலிருந்து மின்சாரம் பெறும்படி தங்கள் அடுத்த கன்ட்ரோலரோடு சேர்த்துத் தாருங்கள். தனியாக விற்கும் உதிரிப்பொருளாக வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரே மாதிரிக் கன்ட்ரோலர் இரண்டு வைத்திருக்கும் வாடிக்கையாளன்