வெற்றுப் பாரத்தில் கையெழுத்து வாங்கும் அன்பர்களுக்கு

எங்கள் தோட்டப் பட்டணத்துப் பொது இயக்கத் தலைவர்களுக்கும், ஆவண உதவி முகாமை நடத்தும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

சென்ற முகாமின்போது, ஆலய மண்டபத்து மேசையில், எதுவும் நிரப்பப்படாத அக்குவான் பெர்க்கானுன் (மலேசியாவில் சட்டப்படி கொடுக்கும் சத்திய வாக்குமூலம்) பாரங்களில் சாட்சிகளிடம் வரிசையாகக் கையெழுத்து வாங்கப்பட்டதைப் பார்த்தேன். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்கான பாரங்கள் அவை. கேட்டதற்கு, "விஷயத்தை நாங்க அப்புறம் எழுதிக்கிறோம் ஐயா, பிள்ளைக்கு நல்லது நடந்தா சரி" என்றார் ஒரு தம்பி. அவருடைய நல்லெண்ணத்தில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அதே நல்லெண்ணத்தோடு நானும் ஒருமுறை கையெழுத்திட்டவன் என்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தேன். பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வராத ஆளின் பெயரைச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் ஒரு நாள்கூட ஏற்றியதில்லை என்பது எனக்குப் பெருமை. அப்படிப்பட்ட நான், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குழந்தையில்லாத ஓர் அம்மாள் தூக்கி வளர்த்த பையனை, அவரே அந்த வீட்டில் பெற்றெடுத்தார் என்றும் அது எனக்கு நேரில் தெரியும் என்றும் எழுதிக் கொடுத்தேன். பெற்றவள் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டுப் போனவள். அவளுக்கே அடையாளக் கார்டு கிடையாது. பையனுக்கு ஆறு வயது முடியப் போகிறது, பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்ற கவலைதான் எங்களுக்கு. கடைவீட்டு மாடியில் சத்தியப்பிரமாண ஆணையர் முத்திரை குத்தியபோது என் கை நடுங்கவில்லை. புண்ணியம் செய்கிறோம் என்றே நினைத்தேன்.

பையனின் பிறப்புப் பதிவு விண்ணப்பத்துக்கான விசாரணையில் கர்ப்பகாலக் கிளினிக் அட்டையைக் கேட்டார்கள். அந்த அம்மாள் ஒரு மாதிரி சொன்னார், நான் வேறு மாதிரி சொன்னேன். விண்ணப்பம் நின்றது. அதன்பின் நடந்ததை நடந்தபடியே சொன்னோம். ஆனால் பொய் பிடிபட்ட பிறகு கட்டிய இரண்டாவது கதையாகத்தான் அது எடுத்துக்கொள்ளப்பட்டது. பையனுக்கு இப்போது இருபத்து மூன்று வயது. கார் கழுவும் கடையில் நாட்சம்பளம். வங்கிக் கணக்கு இல்லை. சாலைத் தடுப்பைக் கண்டால் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறான்.

முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் வழி இருந்தது. ஒரு பிள்ளையை இரண்டாண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ந்து வளர்த்தவர்கள், 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புப் பதிவுச் சட்டப்படி அதைப் பதிவு செய்யக் கேட்கலாம். அதனால் மட்டும் குடியுரிமை வந்துவிடாது. அதற்குக் கூட்டரசு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ்த் தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும், அதுவும் ஆண்டுக்கணக்கில் இழுக்கக்கூடியது. இந்தச் சட்டம் நம் பிள்ளைகளிடம் கருணையோடு நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. பெற்றோர் பதிவுத் திருமணம் செய்யாத ஒரே காரணத்தால், தகப்பன் குடிமகனாக இருந்தும் பிள்ளை தாயின் நிலையையே பெறுவது எந்த அறத்தில் சேரும் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அதை மாற்றச் சொல்லி நாடாளுமன்ற உறுப்பினரிடம் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் கொடிய சட்டத்தைப் பொய்யால் தாண்டப் பார்த்தால் விழுகிறவன் பிள்ளைதான். கையெழுத்திட்ட நமக்கு ஒன்றும் ஆவதில்லை.

ஆகவில்லை என்பது நம் அதிர்ஷ்டம். 1960ஆம் ஆண்டின் சத்திய வாக்குமூலச் சட்டப்படி கொடுக்கும் அந்த அக்குவானில் 'பெனார்', அதாவது உண்மை, என்ற மலாய்ச் சொல் வருகிறது. தெரிந்தே பொய்யாகக் கொடுத்தால் தண்டனைச் சட்டத்தின் 199ஆவது பிரிவு பாயும். கையெழுத்தையும் ஆணையரின் கண்முன்னேதான் போட வேண்டும், மண்டபத்தில் அல்ல.

1970இல் அறிவிக்கப்பட்ட, ஐந்து வரிகள் கொண்ட நம் தேசியக் கோட்பாட்டைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சபை கூடலில் ஒப்பிப்பதைக் கேட்டிருப்பீர்கள். சட்டத்துக்கு நான்காவது வரி, ஒழுக்கத்துக்கு ஐந்தாவது வரி. உண்மைக்கென்று தனி வரி கிடையாது. எங்கள் விண்ணப்பம் விழுந்த பிறகுதான் இது என் கண்ணில் பட்டது.

அடுத்த முகாமில் வெற்றுப் பாரங்களை எடுத்து வைத்துவிடுங்கள். எழுதி முடித்த ஒவ்வொரு பாரத்தையும் சாட்சிக்குத் தமிழில் படித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை எனக்குக் கொடுங்கள். அதற்கு முன், என் பழைய அக்குவானில் எது பொய் என்று வரிவரியாகச் சொல்லும் புதிய அக்குவான் ஒன்றைக் கொடுக்க, வரும் திங்கட்கிழமை அதே மாடிக்குப் போகிறேன். பையனும் கூட வருகிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர்