ரேஸுக்காகப் பிறந்த வண்டிகள்

ஐசிப்பிங்கோ, டர்பன்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியைப் படித்த கையோடு வீட்டில் அவள் பாயசத்துக்குப் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டாள். தங்கச்சியிடம் எங்கள் சந்தோஷத்தைச் சொல். உன் முழங்கால்தான் கவலையாக இருக்கிறது. காலமெல்லாம் வண்டிக்கு அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்த கால் அது. தைலம் தேய்த்தே நாளைக் கடத்தாதே, ஒரு நல்ல எலும்பு டாக்டரிடம் காட்டு.

இங்கே எல்லோரும் சுகம். புனித வெள்ளியன்று ஐசிப்பிங்கோ ரயில் பகுதி மாரியம்மன் கோவிலில் வழக்கம்போல் கூட்டம் அலைமோதியது. கரும்புத் தோட்டத்தில் கூலியாக இருந்த காலத்தில் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது ஈஸ்டருக்குத்தான், அதனால்தான் அம்மனுக்கும் அப்போதே விசேஷம் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். தமிழ் பேசத் தெரியாத பிள்ளைகள்கூட அம்மன் பாட்டைப் பிசிறில்லாமல் பாடுகிறார்கள். கேட்க நெஞ்சு நிறைந்தது.

சரி, உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஹூண்டாய் ஐ20 'என் லைன்' எடுக்கலாமா, அதே பணத்துக்குப் பழைய வண்டியில் பெரியதாகப் பார்க்கலாமா என்று கேட்கிறான். அவனுக்கு முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடு. 'என்' (N) வேறு, 'என் லைன்' (N Line) வேறு. ஸ்ரீபெரும்புதூரில் செய்து நம்மூரில் விற்கும் என் லைனில் இருப்பது 1.0 லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன். 2021-இல் அது வந்தபோது அதே இன்ஜின் சாதாரண ஐ20-யிலும் இருந்தது. சஸ்பென்ஷனைக் கொஞ்சம் இறுக்கி, பின்னாலும் டிஸ்க் போட்டு, சைலன்சர் சத்தத்தை மாற்றிக் கொடுத்தார்கள். நல்ல வண்டிதான், குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே தென்னாப்பிரிக்காவில் விற்ற ஐ20 என்-னில் 1.6 லிட்டர் டர்போ, 150 கிலோவாட். நம் கணக்கில் 204 குதிரை. ஆறு கியர் மேனுவல். இன்ஜின், பிரேக், அடிச்சட்டத்தின் விறைப்பு எல்லாவற்றையும் தனியாக உட்கார்ந்து யோசித்துச் செய்த வண்டி அது. எழுத்து ஒன்றுதான், வேலை வேறு. பி.எம்.டபிள்யூவில் எம் ஸ்போர்ட் பாக்கேஜும் அசல் எம்3-யும் இப்படித்தான். நடுவில் எம்340ஐ என்று ஒன்று இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் மகேந்திரா சிட்டியிலேயே பூட்டுகிறார்கள். ஆறு சிலிண்டரோடு வரும் அது சொன்ன விலைக்கு நியாயமான வண்டி.

குதிரைத்திறனை மட்டும் பார்த்து வண்டி எடுப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தும்போது பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டிய சக்தி நாலு மடங்கு. அது அத்தனையும் சூடாகத்தான் வெளியே போக வேண்டும். டிஸ்க் சின்னதாக இருந்தால், காற்று போக வழி இல்லாமல் இருந்தால், பேட் காய்ந்து பிடிப்பு போய்விடும். பிரேக் ஆயில் பழசாகி ஈரம் ஏறியிருந்தால் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கிய வண்டிகளை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! அதனால் ஷோரூமில் பின்பக்கம் ஒட்டிய எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சக்கரத்தின் இடுக்கு வழியாக உள்ளே பார்க்கச் சொல். முன் டிஸ்க் சாதாரண மாடலைவிடப் பெரியதா, நடுவில் காற்றுத் துளை இருக்கிறதா, ரேடியேட்டர் பெரிதாக்கியிருக்கிறார்களா என்று கேட்கட்டும். இதற்குப் பதில் இருந்தால் தொழிற்சாலை அந்த வண்டிக்காக உண்மையிலேயே உழைத்திருக்கிறது.

இந்த நாட்டில் அப்படி உழைத்த வண்டிகள் ஏராளம். அதைத்தான் உனக்கு விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும்கூடக் கிடைக்காத வண்டிகளை எண்பதுகளில் இங்கே செய்திருக்கிறார்கள். பி.எம்.டபிள்யூ 333ஐ தெரியுமா? பிரிட்டோரியா பக்கம் ரோஸ்லின் தொழிற்சாலையில் 1985-லிருந்து 1987 வரை மொத்தம் 204 வண்டிதான் செய்தார்கள். சின்ன 3 சீரிஸ் உடம்புக்குள் 7 சீரிஸில் வந்த 3.2 லிட்டர் ஆறு சிலிண்டரை இறக்கினார்கள். பிரேக், சக்கரம் எல்லாம் ஜெர்மன் கம்பெனி அல்பினாவின் கைவண்ணம். அந்த இன்ஜின் உள்ளே போனபிறகு பானட்டுக்குள் கை விடக்கூட இடமில்லை. ஏசி வேண்டுமா, பவர் ஸ்டியரிங் வேண்டுமா, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்று வாங்குபவரிடமே கேட்டார்கள்! டர்பன் ஜனவரிப் புழுக்கத்தில் நீ எதைக் கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

அதே காலத்தில் வந்த 745ஐ கதை இன்னும் அருமை. ஐரோப்பாவில் அது டர்போ வண்டி. வலதுபக்க ஸ்டியரிங் வைத்தால் ஸ்டியரிங் தண்டு போக வேண்டிய இடத்தில் டர்போ உட்கார்ந்திருக்கிறது. நமக்கும் வலதுபக்கம், இவர்களுக்கும் வலதுபக்கம். வேறு யாராயிருந்தாலும் இந்த வண்டி வேண்டாம் என்று விட்டிருப்பார்கள். இவர்கள் டர்போவைத் தூக்கிப் போட்டுவிட்டு, எம்1 ஸ்போர்ட்ஸ் காரின் வழியில் வந்த 24 வால்வு இன்ஜினை அந்தப் பெரிய செடானுக்குள் வைத்தார்கள். 209 வண்டி செய்தார்கள். ஃபோர்டு சும்மா இருக்குமா? சியராவுக்குள் மஸ்டாங்கின் 5 லிட்டர் வி8 போட்டு எக்ஸ்ஆர்8 என்று 1984-இல் 250 வண்டி விற்றது. ஆல்ஃபா ரோமியோ பிரிட்ஸ் ஊரில் ஜிடிவி6-க்கு 3 லிட்டர் இன்ஜின் போட்டது. இத்தாலியில் அப்போது 2.5தான்.

ஏன் எல்லோரும் ஒரே சமயத்தில் இப்படி இறங்கினார்கள்? பெரும்பாலான வண்டிகளுக்குக் காரணம் ரேஸ் விதி. பந்தயத்தில் ஓடும் வண்டி கடையில் விற்கும் வண்டியாக இருக்க வேண்டும், இத்தனை எண்ணிக்கை செய்து பொதுமக்களுக்கு விற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். ஜெயிக்க வேண்டுமானால் ஜெயிக்கும் வண்டியை முதலில் விற்றாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கியலாமி ரேஸ் ட்ராக்கில் ஓடும் வண்டியின் உடன்பிறப்பைத் திங்கட்கிழமை நீ ஷோரூமில் போய்க் கேட்கலாம். இன்னொரு காரணம் காற்று. ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே டர்போ இல்லாத இன்ஜின் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். கார்புரேட்டர் வண்டி குன்னூர் தாண்டினதும் இளைக்குமே, அந்தச் சங்கதிதான். சாதாரண வண்டிக்குள் பெரிய இன்ஜினை இறக்கும் பழக்கத்துக்கு அந்த மேட்டுநிலம் தோதாக இருந்தது.

இதில் என் மனசுக்கு நெருக்கமானது ஓபெல் கடெட் ஜிஎஸ்ஐ 16வி எஸ். எல்லோரும் சூப்பர்பாஸ் என்றுதான் சொல்வார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் இந்த நாட்டை விட்டுப் போனபிறகு, உள்ளூர் நிர்வாகிகளே தொழிற்சாலையை வாங்கி டெல்டா என்று பெயர் வைத்து நடத்தினார்கள். அவர்கள் போர்ட் எலிசபெத்தில் 1990 வாக்கில் செய்தது. 2 லிட்டர், 125 கிலோவாட், டர்போ கிடையாது. சாட்ஸ்வர்த்காரர் ஒருவர் அப்பா விட்டுப்போன சூப்பர்பாஸைப் பிரேக் வேலைக்கு எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விட்டால் இன்ஜின் ஒரு சீராக நிற்காது, தட்... தட்தட் என்று உதறும். புதுப் பையன் டியூனிங் போய்விட்டது என்று நினைத்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டான். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அதன் கேம் ஷாஃப்ட் அப்படி. வால்வை அதிக நேரம் திறந்தே வைத்திருக்கும். மெதுவாகச் சுற்றும்போது உள்ளே வந்த கலவை கொஞ்சம் திரும்பிப் போய்விடுவதால் உதறல். ஐந்தாயிரம் சுற்றுத் தாண்டட்டும், அதே நீண்ட திறப்பில் சிலிண்டர் மூச்சு முட்ட நிறையும். பிறகு வண்டி பாய்வதை நீ உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். முன் சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமலிருக்க லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் தொழிற்சாலையிலேயே போட்டிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அவர் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றித்தான் வெளியே எடுத்தார். கண்ணில் தண்ணீர் நின்றது அவருக்கு.

அந்த வண்டிக்குச் சரியான எதிரி பி.எம்.டபிள்யூ 325ஐஎஸ். அசல் எம்3 அப்போது இடதுபக்க ஸ்டியரிங்கில் மட்டும்தான் வந்தது, அதனால் இங்கே விற்கவே இல்லை. அதற்குப் பதிலாக இவர்களே 325ஐஎஸ்ஸைக் கூர்தீட்டினார்கள், பிறகு இன்ஜினை 2.7 லிட்டராகப் பெரிதாக்கினார்கள். இன்றைக்கும் சாட்ஸ்வர்த் பக்கம் இந்த இரண்டில் எது பெரிது என்று பேச்சை எடுத்தால் சாப்பாடு ஆறிப்போகும். எனக்கு சூப்பர்பாஸ்தான். குறைந்த செலவில் அதிகம் யோசித்தவர்கள் டெல்டாக்காரர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வண்டிகள் பிறந்தது நிறவெறிக் காலத்தில். டர்பனில் நல்ல இடங்களிலிருந்து நம்மவர்களைக் கிளப்பி சாட்ஸ்வர்த்தில் கொண்டுபோய்க் குவித்த அரசாங்கம் நடந்த காலம். புது 333ஐ வாங்கும் வசதி யாருக்கு இருந்தது என்பது உனக்கே தெரியும். ஆனால் வண்டிகள் கை மாறின. ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கறுப்பின மக்கள் பகுதியான சொவேட்டோவில் அந்தப் பெட்டி உடம்பு பி.எம்.டபிள்யூவுக்கு குஷேஷே என்று பெயர் வைத்துத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். அதை வட்டமடித்துச் சுழற்றும் ஸ்பின்னிங் இன்று முறையான மோட்டார் விளையாட்டு. நம்மவர்களும் பழைய கடெட்டையும் கோல்ஃபையும் வாங்கிக் கையாலேயே பிரித்துப் பூட்டித் தேறினார்கள். இங்கே நான் பார்க்கும் நல்ல மெக்கானிக்குகளில் பலர் அப்படி உருவானவர்கள்தான். அந்த வண்டிகளை யார் காப்பாற்றி ஓட்டுகிறார்களோ அவர்களுக்கே சொந்தம் என்பது என் எண்ணம்.

இதையெல்லாம் பார்க்கும்போது நம்மூர் ஞாபகம் வந்து மனசு ஆறவில்லை, மாப்ளை. 200, 250 என்று செய்து காட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இல்லாத கார் தொழிற்சாலையா? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் என்று வரிசையாக இருந்தன. ரேஸுக்கு சோழவரம், இருங்காட்டுக்கோட்டை, நம் செட்டிபாளையம் கரி ட்ராக். மாருதி 800 இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி செய்த கரிவர்தனின் ஊர் நம் கோவை. அப்படியிருந்தும் ஏன் நிலைக்கவில்லை? நான் யோசித்துப் பார்த்ததில், நம் பந்தயங்கள் பெரும்பாலும் ஃபார்முலா கார்களுக்கும் ஒரே கம்பெனி வண்டிகள் ஓடும் கோப்பைகளுக்கும் போய்விட்டன. ஃபோக்ஸ்வாகனின் போலோ கோப்பையில் போலோவை எதிர்த்து போலோதான் ஓடியது. அதில் யார் ஜெயித்தாலும் கம்பெனிக்கு ஜெயம். அடுத்த கம்பெனியை முந்த வேண்டும், அதற்கு நல்ல வண்டியை மக்களுக்கு விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எங்கே இருக்கிறது? கடையில் விற்கும் வண்டிகளே கம்பெனிக்குக் கம்பெனி மோதும் ஒரு பந்தயத்தை, ஐந்நூறு விற்றால்தான் அனுமதி என்ற விதியோடு யாராவது தொடங்கட்டும். நம் பிள்ளைகள் இரண்டே வருஷத்தில் ஒரு சூப்பர்பாஸ் செய்து காட்டுவார்கள். இதை நான் முழு மனசோடு நம்புகிறேன்.

அப்படி ஒன்று நம் கோவையிலேயே பிறந்ததும் உண்டு, பையனுக்குத் தெரியுமா என்று கேள். டாடாவும் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸும் கூட்டு சேர்ந்து 2018-இல் கொண்டுவந்த டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி. நெக்ஸானின் 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரை. கியர் விகிதத்தை மாற்றி, சஸ்பென்ஷனை இறுக்கி, அகல டயர் போட்டு, பானட்டில் காற்றுத் துளை வைத்து, ஆறரை லட்சத்துக்குள் டியாகோவைக் கொடுத்தார்கள். 2020-இல் புகை விதி மாறிய சமயத்தோடு அந்தக் கூட்டு முடிந்துபோனது. எனக்கு அது பெரிய நஷ்டமாகத்தான் படுகிறது.

அதனால் என் யோசனை இதுதான். புதுசுதான் வேண்டும் என்றால் 'என் லைன்' எடுக்கட்டும், ஆனால் 'என்' என்று நினைத்து எடுக்க வேண்டாம். பழசு பரவாயில்லை என்றால் முதலில் ஒரு நல்ல ஜேடிபி தேடிப் பாருங்கள். டர்போ பக்கம் ஆயில் கசிவு, கிளட்ச் வழுக்கல், முன் டிஸ்க்கின் உதட்டில் விளிம்பு எழுந்திருக்கிறதா, இந்த மூன்றையும் நீயே கை வைத்துப் பார். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் விட்டுவிடு, அடி வாங்கிய வண்டியாக இருக்கும். வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க ஒத்துக்கொள்ளாத ஆளிடம் வாங்காதே. எடுத்ததும் பிரேக் ஆயிலை முழுசாக மாற்றிவிட்டுத்தான் மலைப்பக்கம் ஓட்ட வேண்டும் என்று பையனிடம் கண்டிப்பாகச் சொல்.

ஏதாவது வண்டி கண்ணில் பட்டால் அடிப்பக்கம், பிரேக், இன்ஜின் மூன்றையும் படம் எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டு எழுதுகிறேன். பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

அன்புடன்,
உன் பழைய பட்டறைக் கூட்டாளி