ஏற்காதவருக்கும் எழுதப் பழகுவோம்: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புடைய பெற்றோருக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இம்மாதம் மழைநீர் சேமிப்பைப் பற்றி, படிப்பவரைத் தம் கருத்துக்கு இணங்கச் செய்யும் கட்டுரை ஒன்றை எழுதவிருக்கிறார்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற அமைப்பும், குறிப்புச் சட்டகத்தைக் கொண்டு உட்தலைப்புகளை விரிக்கும் முறையும் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் தேர்வுக்காகப் பழகிய அந்தக் கட்டுரை, ஏற்கெனவே நம்மோடு உடன்படுகிறவரை நோக்கியே எழுதப்படுகிறது. உடன்படாத ஒருவரை எதிரில் அமர்த்திக்கொண்டு எழுதும் பழக்கம் இன்னும் வரவில்லை; அதை இவ்வாண்டு வளர்க்க விரும்புகிறோம்.

முதலில், கட்டுரையின் கோரிக்கை மறுக்கத்தக்கதாக இருக்க வேண்டும். 'மழைநீரைச் சேமிப்பது நம் கடமை' என்று எழுதினால் மறுப்பார் எவருமில்லை. ஆகவே அங்கே வாதத்துக்கும் இடமில்லை. 'வீடுகளின் மழைநீர்க் குழி தூர் வாரப்பட்டிருக்கிறதா என்று உள்ளாட்சி அமைப்பு ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் பார்வையிட வேண்டும்' என்று எழுதினால், செலவு, ஆள்பற்றாக்குறை, வீட்டுக்குள் அதிகாரிகள் நுழைவது எனப் பல எதிர்ப்புகள் எழும். முன்னுரையின் கடைசி வாக்கியத்தில் இத்தகைய ஒரு கோரிக்கை தெளிவாக நிற்க வேண்டும்.

அடுத்தது சான்று. மேற்கோள்களை அடுக்குவதைச் சான்று என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். குறளும் பாரதியும் கட்டுரைக்கு அழகு சேர்க்கலாம். ஐயத்தைத் தீர்ப்பவை செய்திகளும் கணக்குகளுமே. 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். அப்படியானால் 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்யும்போது, சிந்துவதையும் ஆவியாவதையும் கழிக்காமல் பார்த்தால், 5,000 லிட்டர் நீர் நம் கைக்கு எட்டும் தூரத்தில் விழுகிறது. இக்கணக்கை மாணவரே தம் வீட்டு மாடியை அளந்து போட்டுப் பார்த்தால், அந்தப் பத்தியின் வலிமையே வேறு. அதுபோல, 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய சென்னைக்கு, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்ததை எழுதலாம். 2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும் அந்தத் தட்டுப்பாட்டுக்கு ஒரு காரணம் என்பதையும் அதே பத்தியில் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமக்குப் பாதகமான உண்மையையும் சொல்கிறவரையே படிப்பவர் நம்புவார்.

எல்லாவற்றிலும் கடினமானது எதிர்க்கருத்தை எழுதுவது. பவணந்தி முனிவர் நன்னூல் என்னும் இலக்கண நூலில் எழுவகை மதங்களை, அதாவது நூலாசிரியர் கொள்ளும் நிலைப்பாடுகளைக் கூறுமிடத்தில், பிறர் கொள்கையை ஏற்றுக்கொண்டு பின் களைவதையும் ஒன்றாக வைக்கிறார். 'தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டுவிட்டதே, மீண்டும் எதற்கு ஓர் ஆய்வு?' என்பது நியாயமான கேள்வி. அதை அதன் முழு வலிமையோடு எழுதியபின், அமைப்பது ஒருமுறை வேலை, மணலும் சருகும் சேர்ந்து அடைபடாமல் காப்பது ஆண்டுதோறும் செய்யும் வேலை என்று விடை கூறலாம். எதிர்ப்பவரை அறியாதவர் என்றோ நாட்டுப்பற்றில்லாதவர் என்றோ இகழ்வது விடையாகாது. அப்படி எழுதிய பத்தியை ஆசிரியர்கள் திருப்பித் தருவார்கள்.

காரணங்களில் வலிமையானதை இறுதியில் வைப்பது நல்லது. முடிவுரையில், யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்பது மூன்று நான்கு வரிகளில் அமைந்தால் போதும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையை நீங்கள் எழுதித் தர வேண்டாம். வழிகாட்டி நூல்களிலிருந்து படியெடுக்கவும் விட வேண்டாம். மாறாக, ஒருநாள் மாலை அரை மணி நேரம் ஒதுக்கி, உங்கள் மகனோ மகளோ சொல்லும் கோரிக்கையை மறுத்துப் பேசுங்கள். 'இதற்கு எவ்வளவு செலவாகும்? நம் தெருக் களிமண்ணில் நீர் இறங்குமா?' என்று கேளுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் கேட்கச் சொல்லுங்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதாக எண்ணிப் பிள்ளையைத் தடுத்துவிடாமல், மரியாதையோடு காரணம் சொல்ல இடம் கொடுங்கள். நீங்கள் கேட்ட கேள்விகளுள் விடை சொல்லக் கடினமாயிருந்த ஒன்றைக் கட்டுரையின் முதல் படியின் கீழே எழுதிக் கையொப்பமிட்டு, வரும் திங்கட்கிழமைக்குள் தமிழாசிரியரிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்