கூரைப் பணமும் தரம் 7 வீட்டுக் கணக்கும்

யாழ்ப்பாணம்

அன்புள்ள பெற்றோருக்கு,

கடந்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மண்டபக் கூரைக்குச் சேர்ந்த பணத்தை வாசித்தேன்: 510,510 ரூபா. “இது ஒரு பக்கக் கூரைக்கே காணாது” என்றார் ஒரு தகப்பனார். உண்மைதான். பின்வரிசையில் தாயுடன் இருந்த தரம் 7 மாணவியோ, கூட்ட அறிவித்தலின் பின்புறத்தில் 510 × 1001 என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாள் மறுநாள் கணித ஆசிரியையின் கைக்குப் போனது. அதிலிருந்து பிறந்ததுதான், “பரீட்சைக்கு வராத கணக்கு எதற்கு?” என்று சிலர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்ட வீட்டுப்பாடம்.

மூன்று இலக்க எண் ஒன்றை இரண்டு முறை சேர்த்து எழுதுங்கள். 385385, 510510, எதுவானாலும் சரி. அது அந்த எண்ணின் 1001 மடங்கு. 1001 என்பது 7 × 11 × 13. ஆகவே அப்படி எழுதிய எந்த எண்ணும் 7, 11, 13 மூன்றாலும் மீதியின்றி வகுபடும். நம் தொகையில் எஞ்சிய 510 ஐ உடைத்தால் 2 × 3 × 5 × 17. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: 2, 3, 5, 7, 11, 13, 17. 1 ஆலும் தம்மாலும் மட்டுமே வகுபடும் முதன்மை எண்களில் முதல் ஏழும் ஒன்றுகூட விடுபடாமல், ஒவ்வொன்றும் ஒரே முறை. ஏழு வெவ்வேறு முதன்மைக் காரணிகள் கொண்ட எண்களில் இதைவிடச் சிறியது கிடையாது. நாங்கள் திட்டமிட்டுச் சேர்த்த பணமல்ல அது!

பிறகு ஆசிரியை ஒரு ரூபாவைக் கூட்டினார். 510,511. அந்த ஏழில் எதனால் வகுத்தாலும் மீதி 1. முதன்மை எண்களுக்கு முடிவில்லை என்று காட்ட பண்டைய கிரேக்கக் கணிதர் யூக்ளிட் கையாண்ட வழியின் சாயல் இது. “அப்படியென்றால் இது முதன்மை எண்” என்றான் ஒரு மாணவன். வகுப்பும் ஒத்துக்கொண்டது. ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. 510,511 இன் வர்க்கமூலம் 714 ஐச் சற்றே தாண்டும் என்பதால், 714 வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்துவிட்டு வரும்படி மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து அவன் கசங்கிய கொப்பித்தாள் ஒன்றுடன் என் அறைக்கே வந்துவிட்டான். 19 × 26,869. பதினேழுக்கு அடுத்த முதன்மை எண்ணிலேயே அகப்பட்டுவிட்டது. இன்னும் ஒரு வகுத்தல் செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும் என்ற வெட்கம் முகத்தில் இருந்தது. ஆனால் தாளை என்னிடம் தர மனமில்லை. 26,869 ஐயும் 97 × 277 என்று உடைத்திருந்தான். அம்மப்பாவும் கூட இருந்து வகுத்தாராம்.

கைத்தொலைபேசியில் தட்டியிருந்தால் ஒரு நொடியில் விடை வந்திருக்கும். அந்தத் தாள் வந்திராது. ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: இந்தக் கணக்குகளுக்குத் தொலைபேசியைக் கொடுக்காதீர்கள். தனியார் வகுப்பு ஆசிரியரிடம் விடை கேட்கவும் அனுப்பாதீர்கள். பிள்ளை பிழையாகச் செய்துகொண்டு வந்தால் அப்படியே வரட்டும்.

இந்த வாரக் கணக்கு: 714 × 715 உம் 510,510 தான். 714, 715 இரண்டையும் தனித்தனியே முதன்மைக் காரணிகளாக உடைத்து, ஒவ்வொன்றின் காரணிகளையும் தனித்தனியே கூட்டிப் பார்க்க வேண்டும். என்ன வருமென்று நான் எழுதப்போவதில்லை.

பின்குறிப்பு: தச்சருக்கு முற்பணம் கொடுத்தாயிற்று. 510,510 இப்போது வங்கிப் புத்தகத்தில் இல்லை.

இப்படிக்கு,
அதிபர்