ஏழாம் மாடி மாமிக்கும் அன்று வந்த எல்லோருக்கும்

அன்புள்ள மாமி, அக்காமார், அண்ணை,

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் 31ஆம் நாள் கழிந்துவிட்டது. இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது.

அம்மாவுக்கு விசா நேரத்துக்குக் கிடைக்காது என்று தெரிந்த அன்று நான் அழுதது உங்களுக்குத் தெரியும். இரட்டைப் பிள்ளைகள், கனடாவின் ஸ்காபரோக் குளிர், பத்தியக்கறி யார் காய்ச்சித் தருவது? மாமி சொன்னது ஒன்றுதான்: "பிறீசரைக் காலி பண்ணு பிள்ளை, சனிக்கிழமை வாறம்."

அந்தக் கார்த்திகைச் சனிக்கிழமை என் சின்னக் குசினிக்குள் ஆறு பேர். மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு எல்லாம் சேர்த்து இடித்த சரக்குத்தூளோடு மாமி வந்தா. கோழிச் சரக்குக்கறி, சுறா வறை, இடியப்பம் என்று பொழுதுபடும்வரை அடுப்பு அணையவில்லை. என்னை உள்ளி உரிக்க மட்டும்தான் விட்டீர்கள்.

நேர்ஸ் அக்காவுக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். பானையை அப்படியே பல்கனியில் வைத்து ஆறவிடுவோம் என்றபோது அவதான் மறித்தா. பெரிய பானையின் நடுப்பகுதி மணிக்கணக்காகச் சூடாகவே இருக்குமாம், கிருமி பெருக அது போதுமாம். கறியை அகலத் தட்டுகளில் பரப்பி, ஐஸ் தண்ணீரில் வைத்து, 2 மணி நேரத்துக்குள் பெட்டிகளில் போட்டோம். உறையும்போது குழம்பு பெருக்கும் என்று ஒவ்வொரு பெட்டியிலும் மேலே இடம் விடச் சொன்னா. உருளைக்கிழங்கு உறைந்தால் மாவாகிவிடும், அது வேண்டாம் என்றா. தேங்காய்ப்பாலும் திரையும் என்பதால், சூடாக்கும்போது விட்டுக்கொள்ளச் சொன்னா. அவ சொன்னதில் ஒன்றும் பிழையாகவில்லை.

இடியப்பத்தை ஐந்தைந்தாக, இடையில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்கியது அண்ணை. இரவு 3 மணிக்கு ஒரு பிள்ளை படுத்து மற்றது எழும்புகிற நேரம், எடுத்தபடியே நீராவியில் வைத்தால் பத்து நிமிடத்தில் புதிதாக அவித்ததுபோல மெத்தென்று வரும். அந்தப் பசி நேரத்தில் அது எவ்வளவு பெரிய உதவி என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அப்புறம் அந்த ஒட்டுத்தாள்கள். என்ன கறி, என்ன திகதி என்று எழுதியதற்குக் கீழே மாமி ஒவ்வொன்றிலும் ஒரு வரி எழுதியிருந்தா. "சுடச்சுடச் சாப்பிடு." "தண்ணி குடிச்சனியா?" "அழாதை, பால் சுரக்கும்." அந்தக் கடைசி வரி ஒட்டியிருந்தது சுறா வறைப் பெட்டியில். நான்காம் நாள், உண்மையாகவே அழுதுகொண்டிருந்தபோதுதான் அதை எடுத்தேன். அந்தத் தாள் இப்போதும் பிறிட்ஜ் கதவில் இருக்கிறது.

பெட்டிகளையெல்லாம் கழுவி அடுக்கிவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பார்க்க வரும்போது எடுத்துக்கொண்டு போங்கோ. ஐந்தாம் மாடித் தங்கச்சிக்குப் பங்குனியில் பிள்ளை. அவளுக்குச் சமைக்கும் நாளைச் சொல்லுங்கோ, நானும் வருகிறேன். மாமி, சரக்குத்தூள் அளவை அதற்கு முதல் எழுதித் தாங்கோ. இந்தமுறை நான் இடிக்கிறேன்.

அன்புடன்,
மூன்றாம் மாடிப் பிள்ளை