தினசரி அங்காடியை இடிக்கும் முன் கடன் கணக்கை நகர்மன்றத்தில் வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
நகராட்சி தினசரி அங்காடி மற்றும் பேருந்து நிலையக் கடை வாடகைதாரர்கள்

பெறுநர்
உயர்திரு நகராட்சி நிர்வாக இயக்குநர் அவர்கள், சென்னை

பொருள்: நகராட்சி வணிக வளாகங்கள் – கடன் பெற்றுக் கட்டுதல் – திருப்பிச் செலுத்தும் கணக்கு, தற்காலிகக் கடைகள், ஏல நிபந்தனைகள் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் உள்ளிட்ட திட்டங்களில் பல நகராட்சிகள் பழைய அங்காடிகளை இடித்துவிட்டுப் புதிய வளாகம் கட்டி வருகின்றன. கூரை ஒழுகி, சாக்கடை அடைத்துக் கிடந்த இடத்தில் நல்ல கட்டடம் வருவதை மனதார வரவேற்கிறோம். ஆனால் மானியம் போக மீதித் தொகைக்கு நகராட்சி கடன் வாங்குகிறது. அந்தக் கடனைக் கடை வாடகையிலிருந்துதான் அடைக்க வேண்டும். வாடகை குறைந்து தவணை தவறினால், அரசு நகராட்சிக்குத் தரும் மாநில நிதி ஆணைய மானியத்திலேயே பிடித்தம் விழும். அப்போது தெருவிளக்கு மின்கட்டணத்துக்கும் தூய்மைப் பணிக்கும் பணம் இழுபறியாகும். ஆகவே இது கடைக்காரர்களின் பிரச்சினை மட்டும் அல்ல.

ஒரு மாதிரிக் கணக்கை இங்கே வைக்கிறோம். எட்டுக் கோடி ரூபாய் வளாகம், 80 கடைகள். மூன்று கோடி மானியம், ஐந்து கோடி கடன். 9 சதவீத வட்டி, 15 ஆண்டு என்றால் ஆண்டுத் தவணை சுமார் 62 லட்சம். துப்புரவு, காவல், பொது மின்சாரம், பழுதுபார்ப்புக்கு 12 லட்சம் சேர்த்தால் 74 லட்சம். எல்லாக் கடையும் ஓடினால் கடைக்கு மாதம் சுமார் 7,700 ரூபாய் போதும். 24 கடைகள் பூட்டிக் கிடந்தால் மீதிக் கடைகள் தலா 11,000 ரூபாய் தர வேண்டும். இதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. காய்கறிக் கடையில் அந்த வாடகை கட்டுபடியாகாது. திட்ட அறிக்கைகளோ பெரும்பாலும் எல்லாக் கடையும் முதல் மாதமே நிரம்பிவிடும் என்று எண்ணித்தான் எழுதப்படுகின்றன.

கடைகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். முதல் காரணம் மாடி. 50 கிலோ வெங்காய மூட்டையைப் படியேற்றக் கூலி தனி. வாங்க வருபவர் கீழேயே வாங்கிக்கொண்டு போய்விடுவார். காய், கனி, மீன், பூ ஆகியவை தரைத்தளத்தில்தான் விற்கும். மாடிக்குத் தையல், ஜெராக்ஸ், அலுவலகம், வங்கி போன்றவைதான் பொருந்தும். மீன் கடைத் தளத்துக்குச் சரிவும், கழுவும் நீர் போகத் தனி வடிகாலும் இல்லாவிட்டால் பக்கத்துக் கடைகளும் காலியாகும். சரக்கு லாரி நின்று இறக்க இடம் இல்லாத வளாகத்தில், வியாபாரம் மெல்ல மெல்ல வெளியே சாலையோரத்துக்கே போய்விடும்.

இரண்டாவது காரணம் ஏலம். போட்டி வேகத்தில் ஒருவர் 25,000 ரூபாய்க்குக் கேட்கிறார். அடுத்த கடை 9,000 ரூபாய்க்குப் போகிறது. முதலாமவர் சில மாதத்தில் பாக்கி வைத்துவிட்டுச் சாவியை ஒப்படைக்கிறார், அல்லது பகடி (கடையைக் கைமாற்றிவிட வாங்கும் தொகை) வாங்கிக்கொண்டு உள்வாடகைக்கு விடுகிறார். பதிவேட்டில் மட்டும் கேட்புத் தொகை, அதாவது வர வேண்டிய வாடகை, முழுதாக நிற்கிறது, வசூல் இல்லை.

கடைகள் காலியாவது ஒருபுறம் இருக்க, அடுத்த சிக்கல் முன்வைப்புத் தொகை, அதாவது கடை எடுப்பவர் கட்டும் முன்பணம். கடைக்கு 2 லட்சம் வீதம் 80 கடைக்கு 1.6 கோடி வருகிறது. இதை வருமானமாக நினைத்து கட்டட ஒப்பந்ததாரரின் பில்லுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அது திருப்பித் தர வேண்டிய பணம். கடைக்காரர் காலி செய்யும் நாளில் கணக்கில் அது இருப்பதில்லை.

இடித்த நாளிலிருந்து பழைய வாடகையும் நின்றுவிடுகிறது. கட்டுமானம் 18 மாதம் நீண்டால், கட்டக் கட்ட எடுக்கும் கடனின் சராசரி 2.5 கோடி என்றாலும் வட்டி மட்டும் சுமார் 34 லட்சம். கட்டடம் முடிந்தும் மின்மாற்றியும் மின் இணைப்பும் வராமல் திறப்பு விழா தள்ளிப்போனால் அந்த மாதங்களின் வட்டியும் சேரும். மின் இணைப்புக்கான விண்ணப்பத்தை அடித்தளம் போடும்போதே கொடுத்துவிடலாம்.

ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டத்தில் வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத் தொகையை முன்கூட்டியே வசூலித்தது. பயனாளிகள் உண்மையில் எத்தனை பேர் என்பது அதனால் முன்பே தெரிந்தது. அங்காடிகளுக்கும் இது வேண்டும். டெண்டருக்கு முன் இப்போதைய வாடகைதாரர்களிடமும் புதியவர்களிடமும் எந்தத் தளம், எவ்வளவு வாடகை என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டால், தேவையான கடைகளின் எண்ணிக்கை தெரிந்துவிடும்.

ஆகவே தாங்கள் அனைத்து நகராட்சி ஆணையர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறோம். கடன் தீர்மானம் நகர்மன்றத்துக்கு வரும்போது தவணை, பராமரிப்பு, 30 சதவீதக் கடைகள் காலியாக இருந்தால் வரும் வாடகை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் காட்டி, அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பாதியை இடித்து, பாதியில் வியாபாரம் நடக்கும்படி இரு கட்டமாகக் கட்ட வேண்டும். முடியாத இடத்தில் தண்ணீர், கழிப்பறை, விளக்குடன் தற்காலிகக் கடைகள் தயாரான பிறகே இடிக்க வேண்டும். முன்வைப்புத் தொகை தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். உள்வாடகை நிரூபணமானால் உரிமம் ரத்து என்ற நிபந்தனை ஏல அறிவிப்பிலேயே இடம்பெற வேண்டும். தரைக்கடை வியாபாரிகளின் இடத்தை 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி நகர விற்பனைக் குழுவில் வைத்து முடிவு செய்ய வேண்டும்.

ஏற்கெனவே பாதி காலியாக உள்ள வளாகங்களில், மூன்று முறை ஏலம் விட்டும் போகாத கடைகளுக்கு ஆரம்பத் தொகையைக் குறைக்க ஆணையர்களுக்கு அனுமதி தந்து, அந்த அனுமதி உத்தரவின் நகலை எங்களுக்கும் அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வாடகைதாரர்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)