யாரோட பாதிப்பும் இல்லைங்கறது பெருமையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பேப்பரோட ஞாயிறு இணைப்புல வர்ற எழுத்தாளர் பேட்டிகளை ஒண்ணு விடாம படிக்கறவ நான். கொஞ்ச நாளாவே ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதறேன். யாரோட பாதிப்பு உங்ககிட்ட இருக்குன்னு கேட்டா புதுசா எழுத வர்றவங்கள்ல நிறைய பேர் எனக்கு யாரோட பாதிப்பும் இல்லை, நான் ரொம்ப படிக்கறதில்லை, படிச்சா அவங்க நடை ஒட்டிக்கும்னு சொல்றாங்க. அதை ஒரு சாதனை மாதிரி சொல்றாங்க. படிக்கறப்ப எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமாயிடுது, ஏன்னா அதே தப்பை நானும் பண்ணிருக்கேன்.

நானும் கதை எழுதறவதான். முதல் கதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினப்ப, இது இன்னார் எழுதின மாதிரியே இருக்கேம்மான்னு ஒரே வரியில எழுதி திருப்பி அனுப்பிட்டாங்க. அவங்க சொன்னது உண்மைதான், அந்த இன்னாரோட புத்தகம் அப்ப என் தலைமாட்டுலயே கிடக்கும். ஆனா எனக்கு அவமானமா போச்சு. எழுதற நாள்ல எதையும் படிக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணினேன், அப்புறம் எழுதாத நாள்லயும் படிக்கறது நின்னு போச்சு, அப்படியே ஒன்றரை வருஷம் ஓடிடுச்சு. ஒரு நாள் அந்தக் காலத்துல எழுதின நாலு கதையையும் வரிசையா வச்சுப் பார்த்தேன். நாலுலயும் யாராவது ஜன்னல் பக்கத்துல நின்னு வெளிய பார்த்துக்கிட்டு இருக்காங்க, மூணுல மழை பெய்யுது, ரெண்டு கதை "என்னவோ போலிருந்தது"ங்கற அதே வரியில முடியுது. அடுத்தவங்க சாயல் வேண்டாம்னு கதவைச் சாத்திட்டு உள்ள உட்கார்ந்து நான் பண்ணினது என்னன்னா என்னையே திரும்பத் திரும்ப காப்பி அடிச்சதுதான்.

நம்ம மொழியில பெரிய ஆட்கள் யாரும் இப்படி பயந்ததா எனக்குத் தெரியல. பாரதியார் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி மேல இருந்த பித்துல ஷெல்லிதாசன்னே புனைபெயர் வச்சுக்கிட்டவர். அந்தப் பாரதியைப் பார்த்து சுப்புரத்தினம்ங்கறவர் பாரதிதாசன் ஆனார். அந்தச் சுப்புரத்தினத்தைப் பார்த்து ராஜகோபாலன்ங்கறவர் சுப்புரத்தினதாசன்னு பேர் வச்சுக்கிட்டு அதையே சுருக்கி சுரதா ஆனார். பாதிப்பை மறைக்கறது இருக்கட்டும், பேர்லயே போட்டுக்கிட்டாங்க! ஆனா பாரதி, பாரதிதாசன், சுரதா மூணு பேர் கவிதையையும் அடுத்தடுத்து வச்சுப் படிச்சுப் பாருங்க, யாரையாவது இன்னொருத்தரோட நகல்னு சொல்ல முடியுமா, சுரதாவை உவமைக் கவிஞர்னு தனிப்பட்ட பேர்லதானே கூப்பிடறோம்.

கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் கதையும் இதேதான். 1961-ல மெக்சிகோவுக்கு வந்து சேர்ந்தப்ப அவர் ஏற்கனவே எழுத்தாளர், ஆனா அடுத்து எப்படி எழுதறதுன்னு வழி தெரியாம முட்டிக்கிட்டு நின்ன நேரம். அப்ப ஒரு நண்பர் மெக்சிகோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோவோட ஒரு சின்ன நாவலைக் கொண்டுவந்து கொடுத்து, இதைப் படிச்சுக் கத்துக்கோன்னு சொன்னாராம். அன்னிக்கு ராத்திரி அதை ரெண்டாவது தடவையும் முடிச்ச பிறகுதான் இவரால தூங்கவே முடிஞ்சுது, பின்னாடி அந்தப் புத்தகத்தை மனப்பாடமா ஒப்பிக்கற அளவுக்குப் போயிட்டார். இதையெல்லாம் அவரே கூச்சமில்லாம எழுதி வச்சிருக்கார். அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோன பெரிய நாவல் வந்தது 1967-ல, அது ருல்ஃபோ மாதிரி இருக்குன்னு யாரும் ஒதுக்கி வைக்கல.

நான் திரும்பப் படிக்க ஆரம்பிச்சதுக்குக் காரணம் அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன்னோட சுயசரிதையில சொல்ற ஒரு பயிற்சி. சின்ன வயசுல அவருக்குப் பிடிச்ச ஒரு பத்திரிகைக் கட்டுரையை எடுத்துப்பார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சின்னதா ஒரு குறிப்பு மட்டும் எழுதிட்டு சில நாள் அப்படியே போட்டுடுவார், அப்புறம் மூலத்தைப் பார்க்காம அந்தக் குறிப்பை மட்டும் வச்சு தன் சொந்த வார்த்தையில முழுசா எழுதி, மூலத்தோட ஒப்பிட்டு எங்க தப்பு பண்ணிருக்கோம்னு திருத்துவார். இதை நான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு சிறுகதையில செஞ்சு பார்த்தேன். அப்பா செத்துப்போன அறைக்குள்ள மகன் முதல் தடவையா தனியா போற இடம். என் குறிப்புல "மகன் - அறை - துக்கம்"னு இருந்துது, அஞ்சாறு நாள் கழிச்சு உட்கார்ந்து எழுதினேன், தொண்டையை அடைச்சுது, கண்ணு கலங்குச்சு, நினைவுகள் அலைமோதுச்சுன்னு பதினாலு வரி. மூலத்தைத் திறந்தா அங்க ஒன்பதே வரி, துக்கம்ங்கற வார்த்தையே இல்லை. மேசை மேல இருக்கற மூக்குக்கண்ணாடிக் கூட்டை அவன் எடுக்கறான், காதுகிட்ட வச்சு ஆட்டிப் பார்க்கறான், உள்ள கண்ணாடி இருக்கற சத்தம் கேக்குது, எடுத்த இடத்துலயே திருப்பி வைக்கறான், அவ்வளவுதான். அந்தக் கதையை அதுக்கு முன்னாடி எத்தனையோ தடவை படிச்சு அழுதிருக்கேன், ஆனா எதுக்கு அழுதேன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.

அதுலேர்ந்து என் பழக்கம் இப்படி ஆயிடுச்சு. முதல் தடவை படிக்கறப்ப பென்சிலே தொடறதில்லை, சாதாரண வாசகியா கதைக்காக மட்டும் படிப்பேன், பிடிக்கலைன்னா பாதியில விட்டுடுவேன், அதுல எனக்குக் குற்ற உணர்ச்சி கிடையாது. ரெண்டாவது தடவைதான் பென்சில். கடைசி வெத்துத் தாள்ல பக்க எண்ணும் ஒரு வார்த்தையும் மட்டும் குறிச்சு வைப்பேன், "47 - கதவு", "130 - பொய்" இந்த மாதிரி. அந்த ஒரு வார்த்தையைப் பார்த்தாலே அந்த இடம் முழுசா ஞாபகம் வந்துடும். எழுத உட்காரறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் வாய்விட்டுப் படிப்பேன், கண்ணு தாண்டிப் போற விஷயத்தை காது பிடிச்சிடும், எந்த இடத்துல வாக்கியம் மூச்சு வாங்குதுன்னு அப்பதான் தெரியும்.

நடை ஒட்டிக்கும்ங்கற பயத்துல உண்மை இல்லாம இல்லை. ஒரே ஆளை விடாம ஒரு மாசம் படிச்சா அவர் வாக்கியம் நம்ம கைக்கு வரத்தான் செய்யும், எனக்கும் வந்துது. ஆனா அதுக்கு மருந்து படிக்காம இருக்கறது இல்லீங்க, அவருக்குக் கொஞ்சமும் ஒத்துப்போகாத இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துப் படிக்கறதுதான். நான் இப்ப ஒரு நாவல் எழுதறப்ப பக்கத்துல கவிதையும், ஒரு பயணக் குறிப்பும், பறவைகளைப் பத்தின ஒரு புத்தகமும் வச்சிருக்கேன். மூணும் மூணு திசையில இழுக்கறதால எந்தப் பக்கமும் மொத்தமா சாயாம என் வாக்கியம் என் கையிலயே இருக்கு.

ஆசிரியர்கிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். பேட்டியில யாரோட பாதிப்புன்னு கேக்கறதை விட்டுடுங்க, அப்படிக் கேட்டா புதுசா எழுதறவங்களுக்கு ஏதோ குத்தம் சாட்டற மாதிரி தோணும், உடனே இல்லைன்னு மறுத்துடுவாங்க. அதுக்குப் பதிலா நீங்க அதிகத் தடவை படிச்ச புத்தகம் எது, அதை மேசையில வச்சா தானா எந்தப் பக்கம் திறக்கும், அந்தப் பக்கத்துல என்ன இருக்குன்னு கேளுங்க. எனக்குன்னா 112-ம் பக்கம், அந்த மூக்குக்கண்ணாடிக் கூடு வர்ற இடம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி